ஏழு பவுண்டு சீருடை



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். ஊர்க்காவல் படையில் சேர்ந்திருக்கிறானாம். பகலில் எலெக்ட்ரிக்கல் கடை, திருவிழா நாட்களில் காக்கிச் சட்டை. புதுச் சீருடையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று வந்தவன், போகிற போது சிரித்துக்கொண்டே சொன்னான்: "சார், உருப்படியா தைக்கணும்னு நம்ம தெரு டெய்லர்கிட்ட கொடுத்தேன். கூலியில பாதி இன்னும் பாக்கி. அவர் கடை வழியா போறதையே விட்டுட்டேன்."

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். எனக்கு அன்று இரவு முழுக்க இன்னொருவரின் சீருடை பாக்கி ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. இருநூற்று முப்பது வருடத்துக்கு முந்தைய பாக்கி. ஸ்காட்லாந்தின் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பட்ட பாக்கி.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் பாடத்துக்கு வெளியே நான் சொன்ன கதைகளில் அவர் கதையும் ஒன்று. புத்தாண்டு நள்ளிரவில் உலகம் முழுக்கப் பாடுகிறார்களே, பழைய நட்பை மறக்கலாமா என்று கேட்கிற அந்தப் பாட்டு, அது அவர் எழுத்தில் வந்ததுதான். அன்று வகுப்பில் நான் சொன்னது: "பெரிய கவிஞன். ஆனால் குடித்தே 37 வயதில் செத்துப்போனான். நீங்களும் புத்தியோடு இருங்கள்." புத்திமதி சொல்ல ஒரு கதை வேண்டியிருந்தது, சொல்லிவிட்டேன். நான் சொன்னது தப்பு. ஓய்வு பெற்ற பிறகு நிதானமாகப் படித்தபோதுதான் புரிந்தது. அதைத் திருத்தவே இந்த நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

பர்ன்ஸ் பிறந்தது 1759 ஜனவரி 25. ஊர் அலோவே, ஏர் நகரத்துக்குப் பக்கத்தில். அப்பா வில்லியம் தோட்ட வேலை செய்தவர், பிறகு குத்தகை விவசாயி. மண்ணால் கட்டிய வீட்டை அவரே தன் கையால் எழுப்பினார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர் ராபர்ட். அப்பாவுக்குப் பணம் இல்லை, ஆனால் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்ற வெறி இருந்தது. அக்கம்பக்கத்துக் குடும்பங்களோடு சேர்ந்து 1765-இல் ஜான் மர்டாக் என்ற 18 வயது இளைஞரை வாத்தியாராக அமர்த்தினார். வாத்தியாருக்குச் சாப்பாடும் தங்கலும் அந்தக் குடும்பங்களில் முறைவைத்து. நம் பக்கத்துத் திண்ணைப் பள்ளிக்கூடம் மாதிரியேதான்.

அந்த மர்டாக் பிற்காலத்தில் ஒன்றை ஒளிக்காமல் எழுதி வைத்தார். பாட்டு சொல்லிக்கொடுத்தபோது ராபர்ட்டுக்குக் காது மந்தம், ஒரு ராகத்தையும் இன்னொரு ராகத்தையும் பிரிக்கத் தெரியவில்லை. தம்பி கில்பர்ட்தான் கலகலப்பானவன், கற்பனை உள்ளவன். இந்த இரண்டு பேரில் யார் கவிஞனாக வருவான் என்று கேட்டிருந்தால் ராபர்ட்டை யாரும் காட்டியிருக்க மாட்டார்கள் என்கிறார். நூற்றுக்கணக்கான பாடல்களைத் தேசத்துக்குக் கொடுக்கப்போகிற பையனைப் பார்த்து! இதைப் படித்த அன்று நானும் என் பழைய வருகைப் பதிவேடுகளை மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன். யார் யாரைத் தப்பாகக் கணித்தேனோ, அவர்கள் மன்னிக்கட்டும்.

பர்ன்ஸ் வாழ்க்கையில் கடனும் சிறையும் சேர்ந்த பயம் ஒன்று சிறு வயதிலேயே விழுந்துவிட்டது. லாக்லீ என்ற பண்ணையை அப்பா குத்தகைக்கு எடுத்திருந்தார். குத்தகைப் பணத்தில் நிலச்சொந்தக்காரரோடு தகராறு. 1783-இல் ஜப்தி செய்ய ஆட்கள் வந்தார்கள். வழக்கு எடின்பரோ வரை போய் 1784 ஜனவரியில் அப்பா பக்கம் தீர்ப்பானது. வழக்கு ஜெயித்தது, ஆனால் ஆள் தேறவில்லை. மறு மாதமே இறந்துபோனார். காசநோய் வந்து கொண்டுபோனதால்தான் அப்பா ஜெயிலுக்குப் போகாமல் தப்பித்தார் என்று பர்ன்ஸ் பிறகு ஒரு கடிதத்தில் சொல்கிறார். இருபத்தைந்து வயதுப் பிள்ளை கண்ணால் பார்த்தது இது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப வருவோம்.

1786 ஜூலை 31 அன்று கில்மார்னாக் ஊரில் அவருடைய முதல் கவிதைப் புத்தகம் வந்தது. 612 பிரதிகள், விலை மூன்று ஷில்லிங். அப்போது அவர் பிழைப்புக்காக ஜமைக்காவுக்குக் கப்பல் ஏற இருந்தவர். புத்தகம் வேகமாக விற்றுப்போக, பயணம் நின்றது. எடின்பரோவின் பெரிய மனிதர்கள் எல்லாம் கூப்பிட்டு விருந்து வைத்தார்கள், 'ஏர் உழும் கவிஞர்' என்று வியந்தார்கள். விருந்து முடிந்ததும் அவர் மறுபடி ஏர் பிடிக்கத்தான் போனார். 1788-இல் ஜீன் ஆர்மரை முறையாக மனைவியாக்கிக்கொண்டு எல்லிஸ்லாண்ட் பண்ணையில் குடியேறினார். நிலம் சோறு போடவில்லை. 1789-இல் கலால் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். வாரத்துக்கு 200 மைல் குதிரையில் அலைகிற வேலை. 1791 கடைசியில் பண்ணையை விட்டு டம்ஃப்ரீஸ் நகரத்துக்கே வந்துவிட்டார்.

இனித்தான் சீருடைக் கதை.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பிரான்சில் புரட்சி. பிரிட்டனில் ஏழை எளியவர்கள் அதை நம்பிக்கையோடு பார்த்தார்கள், அரசாங்கம் பயத்தோடு பார்த்தது. பர்ன்ஸ் மனசு எந்தப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அவர் அரசாங்கச் சம்பளக்காரர். 1792-இல் டம்ஃப்ரீஸ் நாடகக் கொட்டகையில் அரசர் வாழ்த்துப் பாடல் வேண்டாம், பிரெஞ்சுப் புரட்சிப் பாட்டை வாசியுங்கள் என்று சிலர் கூச்சல் போட்டார்கள். கூட்டத்தில் பர்ன்ஸும் இருந்தார். அந்த வருடம் டிசம்பரில் அவருடைய ராஜவிசுவாசத்தைப் பற்றிக் கலால் வாரியம் விசாரணை போட்டது. வேலை போனால் மனைவி மக்கள் தெருவில் நிற்க வேண்டும். பதறிப்போய் மேலதிகாரி ஒருவருக்கு மன்றாடிக் கடிதம் எழுதினார். வேலை தப்பியது. வாயை மூடிக்கொண்டு இரு என்ற எச்சரிக்கையும் சேர்ந்து வந்தது. மறு வருடம், வாக்குரிமைச் சீர்திருத்தம் கேட்ட தாமஸ் மியூர் என்ற வழக்கறிஞருக்குப் 14 வருடம் நாடுகடத்தல் தண்டனை. எச்சரிக்கை வெறும் வார்த்தை இல்லை என்று எல்லாருக்கும் புரிந்தது.

1793-இல் பிரான்சோடு போர் தொடங்கிவிட்டது. படைகள் வெளிநாட்டில். பிரெஞ்சுக்காரன் கடல் வழியாக வந்து இறங்கினால் ஊரைக் காப்பது யார்? ஊர் ஊராகத் தொண்டர் படைகள் கிளம்பின. 1795 ஜனவரி 31 அன்று ராயல் டம்ஃப்ரீஸ் வாலண்டியர்ஸ் படை உருவானது. தொடக்கத்திலேயே சேர்ந்தவர்களில் பர்ன்ஸ் ஒருவர். சாதாரணச் சிப்பாய். சம்பளம் கிடையாது. சீருடை அவரவர் செலவு.

சீருடை எப்படி இருந்தது என்று படையின் விதிகளிலேயே இருக்கிறது. நீல நிறக் கோட்டு, அதற்குச் சிவப்புக் காலரும் சிவப்பு மணிக்கட்டுப் பட்டையும். தங்கப் பூச்சுப் பித்தான்களில் படையின் பெயருக்கான மூன்று எழுத்துகள். வெள்ளை உள்சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் காலுறை. கழுத்தில் கறுப்பு வெல்வெட் பட்டை. ஒரு பக்கம் மடித்துவிட்ட வட்டமான கறுப்புத் தொப்பி, அதில் ஒரு கறுப்பு இறகு. செருப்புக்குக் கொக்கி இல்லை, கறுப்பு ரிப்பன் கட்டு. அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் துணியில் வித்தியாசம் கிடையாது. தோள் பட்டையை வைத்துத்தான் அடையாளம்.

அதிகாரியும் சிப்பாயும் ஒரே துணி என்பதைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. அதே 1795 ஜனவரியில்தான், பட்டமும் பதவியும் வெறும் முத்திரை, நேர்மையான ஏழைதான் உண்மையில் பெரிய மனிதன் என்ற கருத்துள்ள தன் புகழ்பெற்ற பாட்டைப் பர்ன்ஸ் எழுதி அனுப்புகிறார். 1999-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் மறுபடி திறந்தபோது பாடியது அந்தப் பாட்டைத்தான். ஒரே மாதத்தில் அந்தப் பாட்டும் இந்தச் சீருடையும். அரசருக்கான சீருடையை மாட்டிக்கொண்டது பயத்தாலா, வேலையைக் காப்பாற்றிக்கொள்ளவா, இல்லை உண்மையாகவே ஊரைக் காக்கவா? அறிஞர்கள் இன்றைக்கும் விவாதிக்கிறார்கள்.

நான் நினைப்பதைச் சொல்கிறேன். மூன்றுமே இருந்திருக்கும். நம்மில் யார்தான் ஒரே காரணத்துக்காக ஒரு காரியம் செய்கிறோம்? ஆட்சி மாற வேண்டும் என்று நினைக்கிறவன், அந்நியன் வந்து மாற்றுவதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று இல்லை. அந்த வருடம் அவர் படைக்காக எழுதிய பாட்டிலும் இதே நிலைதான்: வீட்டுச் சண்டையை வீட்டுக்குள் தீர்த்துக்கொள்வோம் என்கிறார், அரசரோடு மக்களையும் மறக்க வேண்டாம் என்கிறார்.

அவர் பெயருக்குச் சேரவில்லை என்பதற்குப் படையின் குறிப்பேடே சாட்சி. பயிற்சிக்கு வராதவர்களுக்கு அபராதம் உண்டு. பர்ன்ஸ் பெயரில் வராததற்கான அபராதம் எதுவும் இல்லை. ஆகஸ்டில் நிர்வாகக் குழுவுக்கே தேர்ந்தெடுத்தார்கள். குடித்துக் கெட்டவனை யாராவது குழுவில் போடுவார்களா? நான் வகுப்பில் சொன்ன கதை இங்கேதான் முதலில் உடைந்தது. ஆனாலும் நல்ல சிப்பாயாகத் தோற்றம் இல்லை. சின்னப் பையனாக அவரைப் பார்த்த ஆலன் கன்னிங்ஹாம் பிற்காலத்தில் எழுதுகிறார்: கறுத்த முகம், பெரிய கண்கள், கலப்பை பிடித்துப் பிடித்துக் குனிந்துபோன முதுகு, துப்பாக்கி கையாள்வதில் சுமாரான தேர்ச்சிதான்.

1795 மே மாதம் இன்னொன்று நடந்தது. படைச் செலவுக்கு ஊரில் வசூல் செய்யலாம் என்று பேச்சு வந்தது. தாமாக முன்வந்து தருகிற பெரியவர்களிடம் வாங்கலாம், ஆனால் தொண்டர் படை வீடு வீடாகப் போய்க் கையேந்துவதை ஏற்க முடியாது என்று தளபதி டி பெய்ஸ்டருக்கு ஒரு கடிதம் போனது. அதை எழுதியது பர்ன்ஸ். சில சகாக்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். அவர் சுபாவம் அது. எடின்பரோவில் ஜார்ஜ் தாம்சன் என்பவர் பாடல் தொகுப்பு வெளியிட்டார். அதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைப் பர்ன்ஸ் காசு வாங்காமல் கொடுத்தார். தேசத்துப் பாட்டுக்குக் கூலியா என்பது அவர் கேள்வி. 1793-இல் தாம்சன் ஐந்து பவுண்டு அனுப்பியபோது கோபப்பட்டு, இனி அனுப்பினால் உறவே கிடையாது என்கிற மாதிரி எழுதினார்.

இந்த மனிதருக்குத்தான் சீருடை பாக்கி வந்து சேர்ந்தது.

போரால் கடல் வணிகம் சுருங்கியது, கலால்காரருக்கு வரும் மேல்வரும்படியும் சுருங்கியது. 1795 செப்டம்பரில் மூன்று வயதுகூட நிரம்பாத மகள் எலிசபெத் இறந்தாள். குளிர்காலத்தில் அவருக்கே கடும் காய்ச்சல், மூட்டுவலி. 1796 தொடக்கத்தில் டம்ஃப்ரீஸில் பஞ்சம். காசு இருந்தாலும் மாவு கிடைக்கவில்லை. மார்ச்சில் தெருவில் கலவரமே நடந்தது. வேலைக்குப் போக முடியாமல் படுத்துவிட்டால் கலால் துறையில் 50 பவுண்டு ஆண்டுச் சம்பளம் 35 ஆகக் குறையும். வீட்டில் சின்னப் பிள்ளைகள். மனைவி நிறைமாதம்.

ஜூலை தொடக்கத்தில் மருத்துவர் சொன்னபடி சால்வே கடற்கரையில் ப்ரோ என்ற இடத்துக்குப் போனார். அங்கே ஒரு ஊற்றுநீரைக் குடிக்க வேண்டும், குளிர்ந்த கடலில் மார்பளவு நிற்க வேண்டும். இதயம் பழுதானவருக்கு இது வைத்தியமா? அவர் உயிரைக் குடித்தது குடி அல்ல, காய்ச்சல் தாக்கிப் பழுதாக்கிய இதயம் என்பதே பிற்கால மருத்துவர்கள் பலர் கருத்து. 1800-இல் வந்த முதல் பெரிய வாழ்க்கை வரலாற்றில் டாக்டர் ஜேம்ஸ் கரீ குடியைக் குற்றவாளியாக்கினார். அதைத்தான் நூறு வருடத்துக்கு மேல் எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். கடைசியாக உங்கள் வாத்தியாரும்.

அந்தக் கடற்கரைக்கு ஒரு கடிதம் வந்தது. சீருடைக்குத் துணி கொடுத்த டேவிட் வில்லியம்சனின் பாக்கியைக் கேட்டு ஒரு வழக்கறிஞர் எழுதியது. தொகை ஏழு பவுண்டும் சில்லறையும். அவருடைய ஒன்றரை மாதச் சம்பளத்துக்கும் மேல். எல்லா வாடிக்கையாளருக்கும் போகிற வழக்கமான நினைவூட்டலாகவே அது இருந்திருக்கும் என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். ஆனால் ஜப்தியில் அப்பா செத்ததைப் பார்த்த பிள்ளைக்கு, அதுவும் சாவுப் படுக்கையில் இருக்கும் ஐந்து பிள்ளைக்காரனுக்கு, அது ஜெயில் வாசலாகவே தெரிந்தது.

ஜூலை 12 அன்று இரண்டு கடிதம் எழுதினார். ஒன்று மான்ட்ரோஸ் ஊரில் இருந்த பங்காளி முறையான ஜேம்ஸ் பர்னஸுக்கு: பத்து பவுண்டு வேண்டும், உடனே. இன்னொன்று தாம்சனுக்கு: ஐந்து பவுண்டு வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே ஐந்து பவுண்டுக்குத்தான் கோபப்பட்டார். இப்போதும் இனாமாகக் கேட்க மனசு வரவில்லை. உடம்பு தேறியதும் அந்த மதிப்புக்குப் பாட்டு எழுதித் தருகிறேன் என்று உறுதி சொல்கிறார். ஒன்பது நாளில் சாகப்போகிறவர். படைக்குக்கூடக் கையேந்தக் கூடாது என்று சொன்ன கை, அந்தப் படையின் சீருடைக்காகவே ஏந்த வேண்டி வந்தது.

இரண்டு பேரும் தாமதிக்காமல் பணம் அனுப்பினார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று. தம்பி கில்பர்ட்டுக்கு எப்போதோ அவர் கொடுத்த கடன் சுமார் 180 பவுண்டு அப்படியே நின்றது. பண்ணையும் அம்மாவும் தம்பி பொறுப்பில். அந்தப் பணத்தை நெருக்கிக் கேட்டிருந்தால் சீருடை பாக்கியைப் போல இருபது மடங்குக்கு மேல் அடைத்திருக்கலாம். கேட்கவில்லை. வாசலில் நிற்கும் கடன்காரனுக்கு நடுங்கியவர், தன் தம்பியிடம் கடன்காரனாகப் போய் நிற்கவில்லை.

ஜூலை 18 அன்று வீடு திரும்பினார், 21 அன்று இறந்தார். வயது 37. பார்க்க வந்த சக தொண்டரிடம் லேசாகச் சிரித்துக்கொண்டு, பயிற்சி போதாத நம் பையன்களை என் சமாதி மேல் சுட விட்டுவிடாதே என்று சொன்னதாக ஒரு செய்தி உண்டு.

அவர் சொன்னபடி நடக்கவில்லை. ஜூலை 25, முழு ராணுவ மரியாதை. முந்தின நாள் உடல் நகர மண்டபத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. தெருவின் இரு பக்கமும் வேறு படைப்பிரிவுகள் வரிசையாக நிற்க, தொண்டர் படையினர் கையில் கறுப்புத் துணி கட்டி நடந்தார்கள். சவப்பெட்டி மேல் அவருடைய தொப்பியும் வாளும். செயின்ட் மைக்கேல் கல்லறைத் தோட்டத்தில் மூன்று முறை சுட்டார்கள். பாக்கி நின்ற அந்தச் சீருடையின் தொப்பிக்கு ஊரே எழுந்து நின்றது. அந்தக் கூட்டத்தில் ஜீன் இல்லை. அதே நாளில், வீட்டில் அவள் ஒரு ஆண் குழந்தையைப் பெற்றுக்கொண்டிருந்தாள்.

பிறகு ஊர் விழித்துக்கொண்டது. குடும்பத்துக்காக நிதி திரட்டினார்கள். கரீயின் புத்தக வருமானமும் குடும்பத்துக்கே போனது. அந்த மனிதரைத் தப்பாக எழுதியவரே அவர் பிள்ளைகளுக்குச் சோறு கிடைக்கவும் வழி செய்தார். மனிதர்களை எடைபோடுவது அத்தனை சுலபம் இல்லை. ஜீன் அதே வீட்டில் 1834 வரை வாழ்ந்தாள்.

நம் பக்கத்துக்கு ஒரு செய்தி. சீருடை பாக்கியில் தவித்த அந்த அப்பாவின் மகன் வில்லியம் நிகல் பர்ன்ஸ், பதினைந்து பதினாறு வயதிலேயே கப்பலேறி இந்தியா வந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் காலாட்படையில் கர்னல் வரை உயர்ந்தார். அவர் தம்பி ஜேம்ஸ் வங்காளப் படையில். சிப்பாய்ச் சீருடையில் அடக்கமானவரின் பிள்ளைகள் அதிகாரிச் சீருடையில். எந்த நாட்டை ஆள வந்த சீருடை என்பது வேறு கதை. சமத்துவம் பாடிய அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு.

பிள்ளைகளே, வகுப்பில் நான் சொன்ன அந்த ஒரு வரிக் கதையை அழித்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு எப்போதாவது பர்ன்ஸ் கதை சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

ஊர்க்காவல் படைத் தம்பிக்கு மட்டும் ஒரு வார்த்தை. நாளைக்கே போய் டெய்லர் பாக்கியைக் கொடுத்துவிடு. கையில் இல்லையென்றால் என்னிடம் வா, கூச்சப்படாதே. பாட்டு ஒன்றும் எழுதித் தர வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்